எழுபத்திரண்டு நாள் ஆடி

பல்லடத்திலிருந்து உடுமலை போகிற வழியில், தென்னந்தோப்புக்குப் பின்னால் நீலத் தகரக் கூரை மட்டும் தெரிகிற ஒரு நூல் மில் இருக்கிறது. உலகத்துக்கெல்லாம் தை மாதம் பதினாலாம் தேதியாக இருந்த ஒரு மத்தியானம் இரண்டே கால் மணிக்கு, அந்த மில்லின் காம்பவுண்டுக்குள் மட்டும் ஆடி மாதம் பிறந்தது. பிறக்கவைத்தவன் மில் எலக்ட்ரீசியன் சென்னியப்பன். பதினான்கு வருஷம் பெண் பார்த்து, போன வீட்டிலெல்லாம் காப்பி குடித்துக் குடித்தே வயிறு புண்ணாகி, நாற்பத்தோராவது வயதில் அவனுக்குக் கல்யாணம் நடந்து அன்றைக்குப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்த ஆடியில் உண்மையாகவே நஷ்டப்பட்டவன் அவன் ஒருவன்தான்.

அதுவரைக்கும் அந்த மில் எந்தக் கரண்டில் ஓடுகிறது என்று யாரும் கேட்டதில்லை. கரண்டு இருந்தால் ஓடியது. போனால் பின்பக்கத்து டீசல் ஜெனரேட்டர் இருமிக்கொண்டே எழுந்து கரும்புகை கக்கி ஓட்டியது. ஆனால் நூல் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள், கரி எரித்து எடுத்த கரண்டில் நூற்ற நூல் இனி எங்களுக்கு ஆகாது, காற்றில் எடுத்ததோ வெயிலில் எடுத்ததோதான் வேண்டும் என்று கடுதாசி போட்டுவிட்டார்கள். முதலாளி குழந்தைவேலு ஒரு வாரம் சோறு இறங்காமல் யோசித்துவிட்டு உடுமலைக்கு மேற்கே ஐந்து காத்தாடிகள் நட்டார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆனியிலும் ஆடியிலும் ஆளைத் தள்ளிக்கொண்டு போகும். தையில் கேட்டால் ஒரு இலை அசையாது. அதனால் அந்தப் பக்கத்து மில்காரர்கள் எல்லோரும் செய்கிற மாதிரியே, காற்று மாதங்களில் மிஞ்சுகிற கரண்டை மின்வாரியத்திடம் கொடுத்துவைத்து, காற்றில்லாத மாதங்களில் திரும்ப வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு.

எல்லாம் கம்ப்யூட்டரில் நடக்கிற காரியம். கம்பியும் அதே கம்பி, கம்பமும் அதே கம்பம். ஆனால் பார்வையிட வந்த கம்பெனி ஆள், "இதில் காற்றுக் கரண்டு எது, காட்டுங்கள்" என்று கேட்டபோது முதலாளிக்குக் கை காட்ட ஒன்றும் இல்லாமல் மானம் போய்விட்டது. உடனே பேனல் ரூமில் பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு இரும்புப் பிடி வைக்கச் சொன்னார். இறக்கினால் காற்றுக் கரண்டு, ஏற்றினால் வாரியக் கரண்டு. உண்மையில் அந்தப் பிடி ஒரு பச்சை பல்பை எரியவைப்பதையும், எரிந்த நேரத்தைக் கம்பெனிக்காரர்கள் பார்க்கிற ரெகார்டில் ஏற்றுவதையும் தவிர வேறொன்றும் செய்யாது. ஒயர் இழுத்துக் கொடுத்த சென்னியப்பனுக்கு அது நன்றாகவே தெரியும்.

தை பதினாலில் அவன் பிடியை இறக்கினான், பல்பு எரிந்தது, அதோடு நிற்காமல் நூல் நூற்கிற ரிங் ஃபிரேம்களுக்கு அடியிலிருந்து காற்று கிளம்பியது. ஜன்னல் ஒன்றும் திறக்கவில்லை, கதவு ஒன்றும் திறக்கவில்லை, ஆனால் தரையில் கிடந்த பஞ்சுத் தூசு எழுந்து கூரைக்குப் போனது, வேலை செய்துகொண்டிருந்த பெண்களின் முந்தானைகளெல்லாம் கிழக்குப் பார்த்து நின்று படபடத்தன, கேன்டீனில் கழுவி அடுக்கியிருந்த தட்டுகள் உருண்டு வாசலைத் தாண்டின, சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு சைக்கிள் சாய்ந்து அறுபது சைக்கிளையும் சாய்த்தது, மேற்கே எங்கேயோ சாரல் பெய்கிற ஈர வாசம் வந்தது, ஆபீஸ் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர் தன்னைத்தானே தாள் தாளாகக் கிழித்துக்கொண்டு போய் ஆடி ஒன்றில் நின்றது.

முதலாளி வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேனல் ரூமுக்கு வந்தார்.

"ஏப்பா சென்னி, ஃபேன் எதாச்சும் மாத்திப் போட்டியா?"

"இல்லீங் மொதலாளி. பல்புக்கும் ரெகார்டுக்கும் மட்டுந்தானுங் லைன் குடுத்தேன்."

"அப்பறம் எப்படி ஆடி வந்துச்சு?"

"ஆடில குடுத்துவெச்சதத்தானுங்களே திருப்பி வாங்கறோம்" என்றான் சென்னியப்பன். சொல்லிவிட்டு, தான் சொன்னது சரியா தப்பா என்று தெரியாமல் அவனே விழித்தான். முதலாளியும் கொஞ்ச நேரம் கூடவே விழித்துவிட்டுப் போய்விட்டார்.

ஏன் வந்தது என்று கேட்டவர்கள் அன்றைக்குச் சாயங்காலத்தோடு ஓய்ந்துவிட்டார்கள். வந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். மில் கேட்டுக்கு வெளியே பனி, அவரைப் பூ, அறுவடை. உள்ளே காற்று, ஈ, தூறல். வீட்டிலிருந்து தையில் கட்டிக் கொண்டுவந்த தயிர்ச்சோற்றை ஆடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தையில் கல்யாணம் வைத்திருந்தவர்கள் பத்திரிகையை உள்ளே கொண்டுவரப் பயந்து, ஷிப்டு விடுகிற நேரத்தில் கேட்டுக்கு வெளியே நின்று ஒவ்வொருவர் கையிலும் திணித்தார்கள். ஆடியில் புதிதாக எதையும் ஆரம்பிக்கக் கூடாது என்பதால், கோயம்புத்தூரிலிருந்து வந்திறங்கிய புது மெஷின் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது. புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்த நாளில் முதலாளி மேஜையையும் நாற்காலியையும் ரோட்டோரம் தூக்கிப் போடச்சொல்லி, லாரிப் புழுதியில் உட்கார்ந்து தை மாதத்தில் கையெழுத்துப் போட்டார். பீகார்க்காரப் பையன்கள், "எங்களுக்கு இது சாவன், ஊஞ்சல் ஆடுகிற மாசம்" என்று சொல்லி வேப்பமரத்தில் ஊஞ்சல் கட்டிக்கொண்டார்கள். மாரியம்மன் கோயில் பூசாரியிடம் போய்க் கூழ் ஊற்றலாமா என்று கேட்டதற்கு, அவர் நெடுநேரம் தாடியைத் தடவிவிட்டு, கோயில் தையில் இருக்கிறது, ஆத்தாளுக்கு ரெண்டு மாசமும் தெரியும், உள்ளே காய்ச்சி வெளியே கொண்டுவந்து ஊற்றுங்கள் என்றார்.

பிடியை ஏற்றிவிட்டால் தை வந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கொடுத்துவைத்த காற்றைப் பங்குனி முடிவதற்குள் வாங்கித் தீர்க்காவிட்டால் அது போனது போனதுதான். அதைவிட, காற்றுக் கரண்டு ஒரு நாள் நின்றாலும் வெளிநாட்டுக்காரன் நூலை வேண்டாம் என்பான், நானூறு பேர் வேலைக்கு ஆபத்து. போன வருஷம் பார்த்து ஆடிக்காற்று பேயாக அடித்துத் தொலைத்திருந்தது. கணக்குப் பார்த்ததில் ஆடியில் கொடுத்துவைத்த கரண்டு மட்டும் எழுபத்திரண்டு நாளைக்கு ஓடும் என்று தெரிந்தது. எழுபத்திரண்டு நாள் ஆடி! கேன்டீனில் அதைக் கேட்டுச் சிரித்தவர்களோடு சேர்ந்து சென்னியப்பனும் சிரித்தான், அவனுக்கு அப்போது இன்னும் உறைக்கவில்லை.

உறைக்கவைத்தவர் அவன் மாமியார் வேலாத்தாள். மில்லில் ஆடி மூன்று, வெளியே தை பதினாறு. காங்கேயத்துக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி, கையில் ஒரு கட்டைப்பையோடு வந்து, மில் ஆட்கள் குடியிருக்கிற லைன் வீட்டு வாசலில் நின்றார். லைன் வீடுகள் காம்பவுண்டுக்குள்தான் இருந்தன, கரண்டும் அந்தப் பேனலிலிருந்துதான் போயிற்று. அவர் மகள் நவமணி, நூலைக் கோனில் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் வேலை செய்கிறவள், சென்னியப்பனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவள், அப்போதுதான் ஷிப்டு முடிந்து தலையில் ஒட்டிய பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ள, நான் ஒண்ணும் கெட்ட எண்ணத்துல கேக்கலீங்க. இங்க நடக்கறது ஆடிதானுங்களே?"

"உள்ள ஆடிங்கத்தை. வெளிய தை."

"நீங்க குடியிருக்கறது உள்ளயா வெளியயா?"

வேலாத்தாள் பையைக் கீழே வைத்தார்.

"புதுசா கட்டிக்குடுத்த புள்ளைய ஆடில கூட்டிட்டுப் போகாம உட்டா ஊரு என்னைத்தான் பேசும். ஆடில கரு தங்குனா சித்திரைல பொறக்கும். சித்திரைல தலைப்புள்ள பொறந்தா குடும்பத்துக்கு ஆகாது. இவ அப்பன் சாவறதுக்கு மிந்தி எங்கிட்டச் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், இவளுக்கு ஒரு குடும்பம் அமையோணும்னு. முப்பத்தஞ்சு வயசுல அமைஞ்சிருக்கு. அதைக் கெடுத்துக்கச் சொல்றீங்களா?"

"ரோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு ரூம் எடுத்துக்கறோமுங்கத்தை. அங்க தைதானுங்க."

"எட்டு மணி நேரம் ஆடிக்குள்ள நின்னு வேலை செஞ்ச ஒடம்பு, ரோட்டத் தாண்டுனா தை ஆயிருமுங்களா?"

நவமணி தலையிலிருந்து கடைசிப் பஞ்சை எடுத்து ஊதினாள். காற்று அதை வாங்கிக்கொண்டு கிழக்கே போனது. "எழுவத்திரண்டு நாளுங்களா?" என்று அவள் புருஷனைப் பார்த்துக் கேட்டாள். "எழுவதுதான் பாக்கி" என்றான் அவன், ஏதோ சமாதானம் சொல்கிற மாதிரி. அவள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு அம்மாவோடு பஸ் ஏறினாள். சென்னியப்பன் பேனல் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். பதினான்கு வருஷத்தில் எத்தனையோ வீட்டில் வேண்டாம் என்று சொன்னபோதுகூட அவன் அப்படி அழுததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போனான். அங்கே சுத்தமான தை, பனையோலைகூட அசையவில்லை. ஆனால் சென்னியப்பனின் சட்டை முதுகில் உப்பிக்கொண்டு நின்றது, வேட்டி நுனி தானாகப் படபடத்தது. நாள் முழுக்கப் பிடிக்குப் பக்கத்தில் நிற்கிறவன் அல்லவா, மற்றவர்களைவிட அவன் மேல் ஆடி அதிகமாகவே ஒட்டியிருந்தது. வேலாத்தாள் அதைப் பார்த்தார், வாங்க என்றார், மரியாதைக்கு ஒரு குறையும் வைக்காமல் வேப்பமரத்தடியில் பாய் விரித்து இலை போட்டார், வீட்டுக்குள் மட்டும் விடவில்லை. இலை பறக்கப் பார்த்தது. நவமணி ஓடிவந்து நாலு மூலையிலும் நாலு கல்லை வைத்துவிட்டு, எட்டவே நின்று சாதம் போட்டாள். போடப் போட அப்பளம் பறந்து வேலியில் போய் மாட்டிக்கொண்டது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, சிரித்து முடித்ததும் துக்கமாக இருந்தது.

இப்படியே போயிருந்தால் எழுபத்திரண்டு நாளும் போயிருக்கும். ஆனால் ஆடி என்று வைத்துக்கொண்டால் அதில் பதினெட்டாம் நாள் என்று ஒன்று வரத்தானே செய்யும். புதிதாகத் தாலி கட்டிக்கொண்ட பெண் பதினெட்டாம் பெருக்குக்குத் தாலிக்கயிறு மாற்ற வேண்டும். வேலாத்தாளின் ஊரில் ஆடிப் பதினெட்டு இல்லை, அங்கே மாசி இரண்டு. காவிரிக்கரையில் இல்லை, அமராவதிக்கரையில் இல்லை. அந்த வருஷம் அந்தத் தேதியில் உலகத்திலேயே ஆடிப் பதினெட்டு இருந்தது மகளை எங்கிருந்து கூட்டிவந்தாரோ அந்த மில்லுக்குள் மட்டும்தான். வேலாத்தாள் ஒரு வாரம் படுத்தால் தூக்கமில்லை. ஆடியே இல்லை என்று சொன்னால் மகளைக் கூட்டிவந்தது தப்பு, ஆடிதான் என்று சொன்னால் கயிறு மாற்றாமல் இருப்பது தப்பு. கடைசியில் மஞ்சள், கயிறு, காதோலை கருகமணி எல்லாம் வாங்கிக்கொண்டு மகளோடு புறப்பட்டு வந்துவிட்டார்.

மில்லில் ஆறு கிடையாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் இருந்தது, ஆனால் அது மாசியில் இருந்தது. பெண்கள் கூடிப் பேசி, நூல் அறுந்துபோகாமல் இருக்க மில்லுக்குள் ஈரக்காற்று விடுகிற பிளான்ட்டின் தண்ணீர்த் தொட்டிதான் ஆறு என்று முடிவு செய்தார்கள். முதலாளி வீட்டம்மா முதல் கூட்டுகிற ஆத்தாக்கள் வரை தொட்டியைச் சுற்றி வாழையிலை போட்டு, பச்சரிசியும் வெல்லமும் வைத்து, மஞ்சள் தெளித்தார்கள். யாரும் குழாயைத் திறக்கவில்லை. தொட்டி தானாகப் பெருகி, விளிம்பு தாண்டி, செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் ஓடியது. பெண்கள் குலவை போட்டுவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார்கள்.

நவமணிக்குப் புதுக்கயிறு மாற்றி, நெற்றியில் மஞ்சள் வைத்து, வேலாத்தாள் கும்பிட்டுத் திரும்பியபோது மகளைக் காணவில்லை. அவள் பேனல் ரூமில் இருந்தாள்.

"ஏனுங்க, இந்தப் பிடியச் சித்த நேரம் ஏத்திவெச்சா என்னாகும்?"

"மாசி ஆகும்."

"ஆகட்டும்" என்றாள் நவமணி.

சென்னியப்பன் பச்சை பல்பைப் பார்த்தான். அந்தப் பிடியை ஏற்றினால் ரெகார்டில் பதியும், வெளிநாட்டுக்காரன் கேட்பான், முதலாளி கேட்பார், நானூறு பேர் கேட்பார்கள். இத்தனையும் யோசித்துக்கொண்டே ஏற்றிவிட்டான். பல்பு அணைந்தது. மணி பன்னிரண்டு பத்து.

இனிமேல்தான் யாருக்கும் விளங்காத விஷயம் இருக்கிறது. காற்று உடனே நிற்கவில்லை. சுவிட்சை நிறுத்தின பிறகும் சீலிங் ஃபேன் கொஞ்ச நேரம் சுற்றுமே, அதைப் போல ஆடி சுற்றிச் சுற்றி ஓய்ந்துகொண்டிருந்தது. ஆபீஸ் காலண்டரில் ஒரு தாள் கிழிந்தும் கிழியாமல் நடுவில் நின்று தடதடத்தது. அது எத்தனை நிமிஷம் சுற்றியது, எப்போது ஆடி முடிந்து எப்போது மாசி தொடங்கியது என்று பார்த்து வைக்க ஆளில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் அவசரம். காற்று தணிகிறது என்று தெரிந்ததும், பதினெட்டு நாளாகத் தள்ளிப்போட்ட நல்ல காரியங்களையெல்லாம் மில்லே சேர்ந்து செய்ய ஆரம்பித்தது. முதலாளி புது மெஷினின் உறையைக் கிழித்து எலுமிச்சம்பழம் வைத்துத் தேங்காய் உடைத்தார். ரோட்டில் கொடுத்தது மரியாதை இல்லை என்று வருந்தியவர்கள் பத்திரிகையைத் தட்டில் வைத்து மறுபடி கொடுத்தார்கள். கிளார்க் தன் பேரனை வாட்ச்மேன் ரூமில் உட்காரவைத்து முதல் சோறு ஊட்டினார். லைன் வீட்டில் ஒரு கதவு சாத்தியிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. வேலாத்தாள் மட்டும் கவனித்தார். கவனித்துவிட்டு, தொட்டியடியில் சிந்திக் கிடந்த பச்சரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மணி பத்துக்குப் பிடி இறங்கியது, காற்று எழுந்தது, பெண்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்கள். நவமணி அம்மாவோடு ஊருக்குப் போனாள்.

மாதக் கடைசியில் கம்பெனி ஆள் வந்து ரெகார்டைப் பார்த்துவிட்டு, இந்த ஒரு மணி நேரம் எந்தக் கரண்டில் ஓடியது என்று கேட்டார். சென்னியப்பன் கூரையைப் பார்த்தான். முதலாளி கூரையைப் பார்த்தார். கிளார்க் கூரையைப் பார்த்தார். நானூறு பேர் வேலையை விட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு பங்கு இருந்தது. "அது எங்க கோயில் நேரமுங்க" என்றார் முதலாளி. அந்த நேரத்து நூலைத் தனியாக எடுத்துக் கொடுங்கள் என்று கம்பெனி ஆள் கேட்க, கைக்குக் கிடைத்த ஒரு மூட்டையை எடுத்துக் கொடுத்தார்கள். அவர் அதைப் பத்திரமாகச் சீல் வைத்து, ரெகார்டில் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார்.

எழுபத்திரண்டு நாளும் தீர்ந்து, காற்று ஓய்ந்து, அடிபட்ட காலண்டருக்குப் பதில் வேறொன்று மாட்டி, நவமணி திரும்பி வந்தபோது அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. மில்லே விரல் விட்டு எண்ணியது. மாசியில் தங்கியது என்றால் ஐப்பசியில் பிறக்கும், பயமில்லை. ஆடியில் தங்கியது என்றால் சித்திரையில் பிறக்கும். ஆனால் ஐப்பசிக்கும் சித்திரைக்கும் நடுவே ஆறு மாசம் கிடக்கிறதே, அதுவரைக்கும் குழந்தை உள்ளேயே இருக்குமா என்று சிலர் கேட்டார்கள், இருந்தாலும் இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். வேலாத்தாள் போய்க் கேட்ட ஜோசியர் இரண்டு பஞ்சாங்கத்தையும் பிரித்துவைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்துவிட்டு, எனக்கே தலை சுற்றுகிறது என்று தட்சிணையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சென்னியப்பனுக்கோ தூங்கினால் சித்திரை, விழித்தால் ஐப்பசி. ஆசைப்பட்டு ஒரு மணி நேரம் பிடியை ஏற்றிவைத்ததில் பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் என்ன கெடுதலைத் தேடிவைத்தேனோ என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தான்.

ஐப்பசி இருபத்தொன்றில், நாலு நாளாக விடாத மழையில், தாலுகா ஆஸ்பத்திரியில் பகல் பதினோரு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சென்னியப்பன் குடையை மடக்கிவிட்டு வார்டுக்குள் நுழைந்து எட்டிப் பார்த்தான். குழந்தை முகம் சிவந்து, கழுத்திலும் முதுகிலும் பொடிப்பொடியாக வேர்க்குரு பூத்து, நெற்றியில் வியர்வை வழியப் படுத்திருந்தது. தொட்டால் கத்திரி வெயிலில் கிடந்த பாத்திரம் மாதிரி இளஞ்சூடு. மழையில் துணி காயாமல் தவித்துக்கொண்டிருந்த பக்கத்துக் கட்டில்காரிகள் அதற்குள்ளேயே விஷயத்தைக் கண்டுபிடித்து, தங்கள் குழந்தைகளின் ஈரத்துணிகளைக் கொண்டுவந்து அதன் தொட்டிலைச் சுற்றிக் காயப்போட்டிருந்தார்கள். நவமணி அசந்து தூங்கினாள்.

"ஏனுங்கத்தை" என்றான் மெதுவாக. "சித்திரைங்களா?"

வேலாத்தாள் காய்ந்த துணி ஒன்றை எடுத்து மடித்துவிட்டு, ஈரத்துணி ஒன்றை அந்த இடத்தில் போட்டார்.

"என்ன சித்திரை? செவுத்துல காலண்டர் தொங்கறது கண்ணுக்குத் தெரியிலீங்களா? ஐப்பசி இருவத்தொண்ணு."

"இல்லீங்க, ஒடம்பு பூரா வேர்க்குருங்களே..."

"புள்ளைக்கு வேர்க்குது. வேர்த்தா விசிறோணும்" என்று பனையோலை விசிறியை அவன் கையில் திணித்தார் வேலாத்தாள். "எவளாச்சும் வந்து மாசம் கேட்டா எங்கிட்ட அனுப்புங்க. நீங்க விசிறுங்க மாப்ள."